எம்.எஸ். சிகிச்சை: டாக்டருக்குத் திருப்தி, உங்களுக்கு?

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியவை அல்ல, சிகிச்சை பற்றிய மனக்குறைகள். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மருந்தில் எதையும் மாற்றும் முன் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இதை ஒருமுறை சொல்லியாயிற்று, ஒவ்வொரு பதிலிலும் திரும்பச் சொல்லப்போவதில்லை.

கேள்வி: நோய் தெரிந்து இரண்டரை வருடம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “பிரமாதம், மருந்து நன்றாக வேலை செய்கிறது” என்கிறார் டாக்டர். எனக்கோ மத்தியானம் ஆனால் உட்காரக்கூட முடியாத களைப்பு. மரத்துப்போன இடது கால் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் சொல்வது பொய்யா, என் உடம்பு சொல்வது பொய்யா?

இரண்டும் மெய். இரண்டு பேரும் வேறு வேறு கணக்கைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

எம்.எஸ்.ஸில் நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகின்றன. நீங்கள் சாப்பிடும் மாத்திரை அந்தத் தாக்குதலை அடக்குவதற்கானது. ஏற்கெனவே உறை போன இடத்தை அது செப்பனிடாது. அதாவது, இந்த மருந்தின் வெற்றி என்பது நடக்காமல் போன ஒன்று: வராத ரிலாப்ஸ் (நோய் மறுபடி தாக்குவது), உறை போன இடமாக மூளையில் தோன்றாத புதுத் திட்டு. நடக்காததை உடம்பு உணராது. ஸ்கேனில்தான் தெரியும், அதைப் பார்ப்பவர் டாக்டர்.

டாக்டர் திருப்தி அடைவதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு: ரிலாப்ஸ் இல்லை, எம்.ஆர்.ஐ.யில் புதிய திட்டோ வளர்ந்த திட்டோ இல்லை, ஈ.டி.எஸ்.எஸ். மதிப்பெண் ஏறவில்லை. மூன்றாவதில்தான் சிக்கல். ஈ.டி.எஸ்.எஸ். என்பது எம்.எஸ்.ஸால் வரும் ஊனத்தை அளக்க, 0-இலிருந்து 10 வரை அரை அரையாக ஏறும் ஓர் அளவு. 4-ஐத் தாண்டிவிட்டால் அது பெரும்பாலும் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்பதையே அளக்கிறது. உதவியின்றி 500 மீட்டர் நடந்தால் 4. ஒரு பக்கம் ஊன்றுகோலோடு 100 மீட்டர் என்றால் 6. இரு பக்கமும் பிடித்துக்கொண்டு 20 மீட்டர் என்றால் 6.5. மத்தியானக் களைப்புக்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோவதற்கும் இந்த ஏணியில் உருப்படியான படி கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த முரண்பாடும் அல்ல. 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த எடின்பரோ ஆய்வு ஒன்று எம்.எஸ். நோயாளிகளையும் மருத்துவர்களையும் எது முக்கியம் என்று தனித்தனியே கேட்டது. மருத்துவர்கள் உடல் இயக்கக் குறைவைப் பெரிதாகச் சொன்னார்கள். நோயாளிகள் அதைவிட மனநலம், தெம்பு போன்றவற்றைப் பெரிதாகச் சொன்னார்கள்.

ஆகவே, “மருந்து வேலை செய்யவில்லை” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பேச்சு மருந்தை மாற்றுவதா என்ற இடத்துக்குப் போய், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற பதிலோடு முடிந்துவிடும். களைப்பைத் தனிப் புகாராக வையுங்கள். வேலையோடு சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது: “காலையில் 40 நிமிடம் நின்று வேலை செய்ய முடிகிறது, 2 மணிக்கு மேல் 10 நிமிடம்தான்.” அடுத்து, களைப்புக்கு எம்.எஸ். அல்லாத காரணங்களைத் தேட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை போதும். இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுந்தால் தூக்கம் போகும். அப்போது வைத்தியம் சிறுநீர்ப்பைக்குத்தான். தசை இறுக்கத்துக்கான பாக்லோஃபென், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின் இரண்டுமே மந்தத்தைக் கொடுக்கும். மனச்சோர்வும் களைப்பு வேடத்தில் வரும்.

களைப்புக்கென்றே தரப்படும் அமன்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மொத்தத்தில் மூன்றும் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை, பக்கவிளைவுதான் கூடுதல். சிலருக்கு உதவக்கூடும், ஆனால் அதையே முதலில் கேட்க வேண்டாம். பலன் தருவதாகத் தெரிபவை: சிறிது சிறிதாகக் கூட்டும் உடற்பயிற்சி, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிச் சரிசெய்வது), கடினமான வேலையை முற்பகலில் முடிப்பது, களைத்த பின் படுக்காமல் களைக்கும் முன்பே 15 நிமிடம் ஓய்வெடுப்பது.

மரத்த கால்? இரண்டரை வருடம் நீடித்த மரப்பு பெரும்பாலும் பழைய தழும்பின் வேலை. தாக்குதலை அடக்கும் எந்த மருந்தும் அதை எடுக்காது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் உங்கள் ஏமாற்றத்தில் பாதி குறைந்திருக்கும்.

கேள்வி: மருத்துவமனையில் “மருந்து பற்றிய திருப்தி” என்று 14 கேள்வி உள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள். குறைவாக மதிப்பெண் போட்டால் டாக்டர் மனம் கோணுவாரோ என்று எல்லாவற்றுக்கும் “திருப்தி” என்று குறித்துவிட்டு வந்தேன். அது எதற்குப் பயன்படுகிறது?

மதிப்பெண் மருந்துக்கு, டாக்டருக்கு அல்ல. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

14 கேள்வி என்றால் அநேகமாக டி.எஸ்.க்யூ.எம். என்ற படிவம், 1.4 பதிப்பு. எம்.எஸ்.ஸுக்கு மட்டுமானதல்ல, எந்த மருந்துக்கும் கேட்பார்கள். நான்கு பகுதிகள்: பலன் பற்றி 3 கேள்வி, பக்கவிளைவு பற்றி 5, வசதி பற்றி 3, மொத்தத் திருப்தி பற்றி 3. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே 0 முதல் 100 வரை மதிப்பெண். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்க மாட்டார்கள், ஆக்கவும் கூடாது.

கணக்கு எளிது. பலன் பகுதியின் மூன்று கேள்விகளுக்கும் 1 முதல் 7 வரை குறிக்கலாம். மூன்றையும் கூட்டி, 3-ஐக் கழித்து, 18-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குவார்கள். மூன்றுக்கும் 4 போட்டிருந்தால் கூட்டுத்தொகை 12, கழித்தால் 9, மதிப்பெண் 50.

பக்கவிளைவுப் பகுதியில் ஒரு பொறி இருக்கிறது. “பக்கவிளைவு உண்டா?” என்ற முதல் கேள்விக்கு “இல்லை” என்று குறித்தால் அடுத்த நான்கையும் தாண்டிப் போய் முழு 100 கிடைத்துவிடும். டெரிஃப்ளுனோமைட் என்ற எம்.எஸ். மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு முடி மெலிகிறது. அது மருந்தால் என்று அவருக்குத் தெரியாது. “இல்லை” என்று குறிப்பார். ஏட்டில் 100 ஏறும். சந்தேகம் இருந்தால் “உண்டு” என்றே குறித்து, என்ன என்பதை ஓரத்தில் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் “திருப்தி” என்று குறித்தவருக்கு ஆகும் நஷ்டம் இதுதான்: பகுதிகள் பிரிந்தால்தான் தீர்வும் பிரியும். வசதி 30, மற்றவை 80 என்றால் அதே அளவு வீரியமுள்ள வேறு வடிவ மருந்தைத் தேடலாம். பக்கவிளைவு மட்டும் தாழ்ந்தால் பல சமயம் மருந்தை மாற்றாமலே சரிசெய்யலாம். பலன் மட்டும் தாழ்ந்து ஸ்கேன் தெளிவாக இருந்தால், முதல் பதிலில் சொன்ன கதைதான்; அறிகுறிகளுக்குத் தனி வைத்தியம் வேண்டும். மூன்றும் நன்றாக இருந்து மொத்தத் திருப்தி மட்டும் விழுந்திருந்தால், மருந்தை விட்டுவிட்டு மனநிலையை விசாரிப்பது நல்லது.

படிவம் கேட்பது கடைசி இரண்டு மூன்று வாரத்தைப் பற்றி, அல்லது கடைசியாக மருந்து எடுத்ததிலிருந்து. வருடம் முழுவதையும் சராசரி போடாதீர்கள்.

கேள்வி: வாரத்துக்கு மூன்று முறை இன்டர்ஃபெரான் ஊசி. போட்ட இரவெல்லாம் காய்ச்சல், உடம்புவலி. தொடையில் சிவப்புத் தடிப்புகள். மாற்றித் தரச் சொன்னால், “கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். எவ்வளவுதான் பொறுப்பது?

“பொறுத்துக்கொள்ளுங்கள்” என்பது பாதிப் பதில். எப்படி என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

காய்ச்சல், உடம்புவலி ஊசி போட்ட 2 முதல் 6 மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். எனவே ஊசியை இரவு படுக்கப்போகும் முன் போட்டால் மோசமான மணிகள் தூக்கத்தில் கழியும். பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ, வயிறும் சிறுநீரகமும் இடம் கொடுத்தால், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு எடுப்பதால்தான் பலருக்குக் கேட்பதில்லை. 4 முதல் 6 மணி கழித்து இன்னொரு முறை தேவைப்படலாம். ஆரம்பத்தில் முழு டோஸில் தொடங்கினார்களா என்றும் பாருங்கள். வாரம் மூன்று முறை போடும் 44 மைக்ரோகிராம் ஊசியில் முதல் இரண்டு வாரம் ஐந்தில் ஒரு பங்கு, அடுத்த இரண்டு வாரம் பாதி, ஐந்தாம் வாரம் முழு அளவு என்று ஏற்றுவது வழக்கம். அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தவர்களுக்குக் காய்ச்சல் கடுமையாக இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்கு இது தணிந்துவிடுகிறது.

தடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் முறையில்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்காமல் சில்லென்று ஏற்றுவது. ஸ்பிரிட் காயும் முன் குத்துவது. அந்த ஈரம் ஊசியோடு உள்ளே போய் எரியும். வசதியான ஒரே தொடையில் திரும்பத் திரும்பப் போடுவது. இரு தொடை, வயிறு, பிட்டம், மேற்கைகளின் பின்புறம் என்று சுற்றில் வாருங்கள். ஒரே புள்ளிக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பாதீர்கள். எங்கே போட்டோம் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள், நினைவை நம்பாதீர்கள். தானியங்கி ஊசிக்கருவி என்றால் ஆழ அளவைச் செவிலியரிடம் காட்டிச் சரிபாருங்கள். மெலிந்தவருக்கு அது அதிக ஆழத்தில் இருந்தால் மருந்து தசைக்குப் போகும். மிகக் குறைவாக இருந்தால் தோலிலேயே தங்கித் தடிக்கும். தோல் கறுத்தாலோ புண்ணாகி நீர் வடிந்தாலோ அந்த இடத்தை விட்டுவிட்டு உடனே காட்ட வேண்டும்.

கிளாடிராமர் என்ற இன்னொரு எம்.எஸ். ஊசி போடுபவர்களுக்கு ஒரு வரி: ஊசி போட்ட உடனே மார்பு இறுக்கம், படபடப்பு, முகச் சிவப்பு வந்து சுமார் 15 நிமிடத்தில் அடங்குவது தெரிந்த எதிர்வினைதான். அடங்காமல் கூடினாலோ, தடிப்பு பரவினாலோ, தொண்டை வீங்கினாலோ அது ஒவ்வாமை. அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இவ்வளவும் செய்து மூன்று மாதம் கழித்தும் வாரத்தில் மூன்று நாள் வேலை கெடுகிறதென்றால் மாற்றிக் கேட்பதில் தவறே இல்லை. 1993-இல் முதல் இன்டர்ஃபெரான் வந்தபோது மாற்று கிடையாது. பொறுப்பது ஒன்றே வழி. 2010-இல் முதல் மாத்திரை வந்தது. இன்று ஊசி, மாத்திரை, இரத்தக்குழாய் வழியே ஏற்றும் சொட்டுமருந்து என்று பல இருக்கின்றன. அந்தக் காலத்து அறிவுரை இன்னும் சில வாய்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டர்ஃபெரானுக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகி மருந்தின் பலனைக் கெடுப்பதும் உண்டு. ஒன்றிரண்டு வருடத்தில் அதற்கொரு இரத்தப் பரிசோதனை செய்யலாம். காய்ச்சலையும் பொறுத்து, பலனும் இல்லாமல் போவதுதான் ஆக மோசம்.

கேள்வி: டைமெத்தில் ஃபியூமரேட் கேப்சூல் தொடங்கி 12 நாள். முகமெல்லாம் தீப்பிடித்தாற்போல் சிவக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. நிறுத்திவிடலாமா?

பொதுவாக, கைவிடும் எண்ணம் வரும் நாட்கள் இவைதான். முதல் மாதம் தாண்டினால் இரண்டும் குறைவதே வழக்கம்.

வெறும் வயிற்றில் சாப்பிடாதீர்கள். காப்பியும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. புரதமும் கொழுப்பும் உள்ள உணவின் நடுவில் விழுங்குங்கள். கேப்சூலைத் திறக்கவோ மெல்லவோ வேண்டாம். முதல் 7 நாள் 120 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 240 இரண்டு வேளை என்பது அட்டவணை. தாங்காதவர்களுக்கு மீண்டும் 120-க்கு இறக்கி, 4 வாரத்துக்குள் திரும்ப ஏற்றலாம். சிவப்புக்கு, உறை பூசாத ஆஸ்பிரின் 325 மில்லிகிராமுக்கு மிகாமல் அரை மணி நேரம் முன்பு எடுத்தால் குறையும். வயிற்றுப்புண், இரத்தக்கசிவு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, மாதக்கணக்கில் தொடரவும் கூடாது. வயிறு கேட்கவே இல்லையென்றால் டைராக்ஸிமெல் ஃபியூமரேட் என்ற நெருங்கிய உறவினர் இருக்கிறது. உடலுக்குள் அதே பொருளாக மாறும். வயிற்றுத் தொல்லை குறைவு.

சிவப்பு கண்ணில் படுவதால் அதையே எல்லோரும் பேசுகிறார்கள். கவலைப்பட வேண்டியது கண்ணில் படாத லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கைதான். தொடங்கும் முன்பும், பிறகு குறைந்தது 6 மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்குக் கீழே போய் 6 மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால், பி.எம்.எல். என்ற மூளைத் தொற்றின் ஆபத்தை எண்ணி நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: என் கணவர் மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுகிறார். டாக்டர் கேட்டால் “தவறாமல் சாப்பிடுகிறேன்” என்கிறார். நான் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் சண்டை.

நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம். ஆனால் இதன் விளைவு என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும். ரிலாப்ஸ் வந்தால் டாக்டர் “இந்த மருந்து தோற்றது” என்று முடிவுகட்டி, வீரியமும் ஆபத்தும் கூடிய மருந்துக்குப் போவார். தோற்றது மருந்தல்ல, சாப்பிடாத நாட்கள்.

மருந்து ஃபிங்கோலிமோட் என்றால் விஷயம் இன்னும் கூர்மையானது. முதல் டோஸின்போது நாடித்துடிப்பு இறங்கக்கூடும் என்பதால் 6 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். முதல் மாதத்துக்குப் பிறகு 14 நாளுக்கு மேல் விட்டுவிட்டு, வீட்டிலேயே மறுபடி தொடங்கினால் அதே ஆபத்து காவலின்றி வரும். முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள் விட்டாலும், மூன்றாம் நான்காம் வாரத்தில் 7 நாளுக்கு மேல் விட்டாலும் இப்படித்தான்: மறுபடி கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும்.

ஏன் விடுகிறார் என்று கேளுங்கள். மறதியா, பக்கவிளைவா, அல்லது மாத்திரையைப் பார்த்தாலே நோய் நினைவுக்கு வருகிறதா? மூன்றாவது காரணத்தை ஆண்கள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். மறதிக்கு அலாரம் போதும். மூன்றாவதற்கு, வருடத்துக்கு இரண்டே முறை போய்வரும் சொட்டுமருந்து வகை சிலருக்குப் பெரிய விடுதலை.

கேள்வி: நான் நரம்பியல் மருத்துவர். ஒரு நோயாளிக்கு 15 நிமிடம்தான் கிடைக்கிறது. ஸ்கேன், பரிசோதனை எல்லாம் நிலையாக இருக்கும் ஒருவர் “எனக்குத் திருப்தியில்லை, மருந்தை மாற்றுங்கள்” என்கிறார். மாற்றினால் ஆபத்து, மாற்றாவிட்டால் அவர் தானாகவே நிறுத்திவிடுவார். எப்படி அணுகுவது?

முதலில் கேள்வியை மாற்றுங்கள். “ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். “கடந்த 4 வாரத்தில் எத்தனை டோஸ் விட்டுப்போனது?” என்றால் எண் வரும். “எப்படி இருக்கிறீர்கள்?” என்பதைவிட “இந்த மருந்தோடு வாழ்வதில் ஆகக் கடினமானது எது?” என்பது சீக்கிரம் விஷயத்துக்கு வரும். திருப்திப் படிவத்தைக் காத்திருக்கும் அறையிலேயே நிரப்பச் சொன்னால் உங்கள் 15 நிமிடத்தில் ஒன்றும் குறையாது.

“நிலையாக இருக்கிறார்” என்பதையும் ஒருமுறை சோதியுங்கள். ஈ.டி.எஸ்.எஸ். நகராமலே நோயாளி சரிந்துகொண்டிருக்கலாம். 7.62 மீட்டர் நடைக்கு எத்தனை நொடி, ஒன்பது குச்சிகளைத் துளையில் செருகி எடுக்க எத்தனை நொடி, குறிகளுக்கு எண் சொல்லும் எஸ்.டி.எம்.டி. சோதனையில் 90 நொடியில் எத்தனை சரி: இந்த மூன்றையும் செவிலியரே சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். முதல் இரண்டில் 20 சதவீத மாற்றம், மூன்றாவதில் 4 புள்ளி வீழ்ச்சி என்றால் அலட்சியப்படுத்தக் கூடாது. நோயாளி “என்னமோ சரியில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அங்கே ஒரு எண் கிடைக்கும்.

ஒப்பிடும் ஸ்கேன் சரியானதா என்பதும் முக்கியம். மருந்து முழு வேகத்துக்கு வர மாதங்கள் ஆகும். எனவே சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டு “புதுத் திட்டு, மருந்து தோல்வி” என்பதும் பிழை. தொடங்கி 3 முதல் 6 மாதத்தில் ஒன்று எடுத்து அதையே ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டு, பிறகு வருடம் ஒன்று எடுத்து ஒப்பிடுவதே சரி. கிளாடிராமர் போல மெதுவாக வேலை செய்யும் மருந்துக்கு அந்த அடிப்படை ஸ்கேனை இன்னும் தள்ளிப் போடலாம்.

அதற்குப் பிறகும் வசதிக் காரணத்துக்காகத்தான் மாற்றம் கேட்கிறார் என்றால், அதை இரண்டாந்தரக் காரணமாக நினைக்காதீர்கள். பெட்டியிலேயே இருந்துவிடும் மருந்துக்கு வீரியம் பூஜ்யம். ஒன்று மட்டும்: அறையை விட்டு அவர் போகும் முன், என்ன முடிவானது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டுத் தலையாட்டலை வாங்கிக்கொள்வதில் பயனில்லை.

கேள்வி: எந்த மருந்தில் நோயாளிகளுக்குத் திருப்தி அதிகம்? 6 மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்துதான் சிறந்தது என்கிறார்களே?

திருப்தி அளவைகளைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒரு மருந்தில் பல வருடம் இருப்பவர்களைக் கேட்டால் திருப்தி உயரமாகத்தான் வரும். பிடிக்காதவர்கள் எப்போதோ விட்டுப் போயிருப்பார்கள். அடுத்து, தினசரி ஊசியில் நொந்து மாத்திரைக்கு வந்தவரின் மகிழ்ச்சியில் ஒரு பங்கு பழைய ஊசி போனதற்கான மகிழ்ச்சி. முதலிலிருந்தே மாத்திரை சாப்பிடுபவர் அதே மாத்திரைக்கு அவ்வளவு மதிப்பெண் தர மாட்டார்.

நீங்கள் சொல்லும் 6 மாத மருந்தான ஓக்ரெலிசுமாப் வீரியமுள்ள மருந்து, சந்தேகமில்லை. முதலில் 300 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு 300, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 600. ஆனால் வருடத்துக்கு இரண்டு நாள்தானே என்ற கணக்கில் சில வரிகள் விட்டுப்போகின்றன. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். மறைந்திருக்கும் கிருமி விழித்துக்கொள்ளும். உயிருள்ள தடுப்பூசிகளை 4 வாரம் முன்பும், மற்றவற்றை முடிந்தவரை 2 வாரம் முன்பும் போட்டு முடிக்க வேண்டும். பிறகு போட்டால் உடம்பு சரியாக ஏற்காது. ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு முன்பே ஸ்டீராய்டும் ஒவ்வாமை மருந்தும், பிறகு சில மணி நேரச் சொட்டு, அதன்பின் குறைந்தது ஒரு மணி நேரக் கவனிப்பு. வருடக்கணக்கில் போகும்போது இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருளின் அளவு இறங்கி, நெஞ்சுச் சளியும் சிறுநீர்த் தொற்றும் திரும்பத் திரும்ப வரலாம். அடுத்த டோஸ் நெருங்கும் வாரங்களில் களைப்பு கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதனால் அந்தப் புகாரைத் தள்ளிவிடுவது சரியல்ல, அது கற்பனையும் அல்ல.

இதே குடும்பத்து ஓஃபாடுமுமாப் வீட்டிலேயே போடும் ஊசி: 20 மில்லிகிராம், தொடக்கத்தில் வாரம் ஒன்றாக மூன்று, பிறகு நான்காம் வாரம் முதல் மாதம் ஒன்று. மருத்துவமனை வாசனையே ஆகாதவருக்கு அது பிடிக்கும். செவிலியர் பக்கத்தில் இருந்தால்தான் நிம்மதி என்பவருக்குச் சொட்டுமருந்து பிடிக்கும். குழந்தைக்குத் திட்டமிடுபவருக்கோ கேள்வியே வேறு. கருவுக்குத் தீங்கு செய்யக்கூடிய டெரிஃப்ளுனோமைட், நிறுத்திய பின்னும் சராசரியாக 8 மாதம், சிலருக்கு 2 வருடம் வரை உடலில் தங்கும். கழுவி வெளியேற்ற 11 நாள் கொலஸ்டிரமின் என்ற மருந்து தேவைப்படும்.

கேள்வி: ஃபிங்கோலிமோட் பிடிக்கவில்லை. இன்றோடு நிறுத்திவிட்டு அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கலாமா?

கூடாது. இதை நிறுத்தினால் நிணநீர்க் கணுக்களில் அடைபட்டிருந்த லிம்போசைட்டுகள் சில வாரங்களில் இரத்தத்துக்குத் திரும்பும். சிலருக்கு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், முன்பிருந்ததைவிடக் கடுமையான தாக்குதல் வருகிறது. நாட்டாலிசுமாப் என்ற சொட்டுமருந்தை நிறுத்தினாலும் 3 முதல் 6 மாதத்தில் இப்படி நேரலாம். அடுத்த மருந்து எது, எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்கிய பிறகே முந்தையதை நிறுத்த வேண்டும்.

கேள்வி: அண்ணனுக்கு மெல்ல மெல்லக் கூடும் வகை எம்.எஸ். “இனி செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 3 வருடமாக நரம்பியல் மருத்துவரையே பார்க்கவில்லை.

அந்த வாக்கியம் 2017 வரை பாதி உண்மை. அந்த ஆண்டுதான், தொடக்கத்திலிருந்தே மெல்ல முற்றும் வகைக்கு முதன்முறையாக ஓக்ரெலிசுமாப் அனுமதி பெற்றது. நோயை நிறுத்தாது, வேகத்தைச் சற்றுக் குறைக்கும். ரிலாப்ஸில் தொடங்கிப் பின்னர் முற்றிய வகையில், இன்னும் தாக்குதலோ புதுத் திட்டோ இருந்தால் சிபோனிமோட் உண்டு. அதற்கு முன் ஒரு மரபணுப் பரிசோதனை வேண்டும்.

நோயை அடக்கும் மருந்து எதுவும் பொருந்தாவிட்டாலும் “ஒன்றுமில்லை” என்பது தவறு. நடைக்கு ஃபாம்பிரிடின் 10 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் இருவேளை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் நடைவேகம் தெளிவாகக் கூடுகிறது. எனவே தொடங்கும் முன்பும் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தும் நொடிக்கணக்கில் நடையை அளந்து, மாற்றமில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். வலிப்பு வந்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் கொடுக்கக் கூடாது. டோஸ் விட்டால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்து விழுங்கவும் கூடாது.

கால் இறுக்கத்துக்குப் பாக்லோஃபென் 5 மில்லிகிராம் மூன்று வேளையில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். இங்கே அடிக்கடி நேரும் தவறு அதிகமாக ஏற்றுவது. பலவீனமான காலுக்கு அந்த இறுக்கமே முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்; முழுக்கத் தளர்த்தினால் ஆள் நிற்க முடியாமல் விழுவார். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

சிறுநீருக்கு, போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று முதலில் அல்ட்ராசவுண்டில் பாருங்கள். 100 மில்லிக்கு மேல் தொடர்ந்து தங்கினால், அவசரத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும் கொடுப்பது தேக்கத்தைக் கூட்டித் தொற்றில் கொண்டுபோய் விடும். அவரே குழாய் போட்டு வடித்துக்கொள்ளக் கற்றுக்கொள்வதுதான் அதற்கு வழி. கேட்கவே கூசும் விஷயம், ஆனால் கற்றுக்கொண்டவர்கள் வெளியே போகத் தொடங்குகிறார்கள். திடீரென்று கால் மோசமானால் ரிலாப்ஸ் என்று ஸ்டீராய்டுக்கு ஓடும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலும் தொற்றும் வெக்கையும் பழைய அறிகுறிகளைத் தூண்டிவிடும். புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல், காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் நீடித்தால்தான் அது ரிலாப்ஸ்.

கேள்வி: வயது 58. எட்டு வருடமாக ஒரு தாக்குதலும் இல்லை. டாக்டருக்கும் எனக்கும் திருப்திதான். இனியும் ஏன் மருந்து?

நியாயமான கேள்வி. 2023-இல் வெளியான டிஸ்கோம்ஸ் ஆய்வு இதையேதான் கேட்டது. 55 வயது தாண்டி, 5 வருடம் ரிலாப்ஸும் 3 வருடம் புதுத் திட்டும் இல்லாத 259 பேரைப் பிரித்து, ஒரு பாதியை மருந்தைத் தொடரச் சொன்னார்கள், மறுபாதிக்கு நிறுத்தினார்கள். தொடர்ந்தவர்களில் 4.7 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 12.2 சதவீதம் பேருக்கும் ரிலாப்ஸோ புதுத் திட்டோ வந்தது. பெரும்பாலானவை ஸ்கேனில் மட்டும் தெரிந்த திட்டுகள். நிறுத்துவது தொடர்வதற்கு ஈடானது என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் நிறுத்தியவர்களில் 100-க்கு 87 பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதே எண்ணிக்கைதான்.

இந்த இரண்டு எண்ணையும் மேசையில் வைத்து இருவரும் பேசுங்கள். நீங்கள் எடுப்பது இன்டர்ஃபெரானோ கிளாடிராமரோ என்றால் நிறுத்திப் பார்க்க இடமுண்டு. ஃபிங்கோலிமோடும் நாட்டாலிசுமாபும் இந்தக் கணக்கில் சேராது; நிறுத்தினால் வரும் என்று முன்பு சொன்ன கடுமையான தாக்குதல் வயதானவர்களுக்கும் வரலாம். நிறுத்துவதென்று முடிவானால் அதற்கு முன் ஒரு ஸ்கேன், பிறகு 6-ஆம் மாதம் ஒன்று, 12-ஆம் மாதம் ஒன்று, அதன்பின் வருடம் ஒன்று. மூன்றுக்கும் தேதியை அன்றே வாங்கிக்கொண்டு வாருங்கள்.